கீழ் டிராயரில் இருந்த நிறம்

அந்தப் பெண் என் இடது தாடையோரம் விரலால் மூன்று கோடுகள் இழுத்தாள். "கண்ணாடியில பாருங்க மேம். நடுவுல இருக்கறது உங்களுக்கு கரெக்டா செட் ஆகும்."

மூன்றுமே பளிச்சென்று தெரிந்தன. நடுவில் இருந்தது, வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு காய்ந்துபோன மாதிரி இருந்தது. சென்னையில் ஒரு பெரிய மால். முகத்துக்கு நேரே வட்டமாக விளக்குகள் எரியும் கவுண்டர். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், இறுக்கிக் கட்டிய கொண்டை. அவள் முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம். பாட்டிலை அழுத்திய அவள் விரல்கள் என் நிறத்தில் இருந்தன.

"இது வெளுப்பா இருக்கேம்மா. என் கலர்ல குடு."

"ஒரு ஷேட் லைட்டா எடுத்தா பிரைட்டா காட்டும் மேம். எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க."

"அவங்க எடுக்கட்டும். எனக்கு என் கலர் போதும்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து, கவுண்டரின் கீழ் டிராயரை இழுத்தாள். மேலே கண்ணாடித் தட்டில் பதினைந்து, இருபது பாட்டில்கள் வெள்ளையிலிருந்து கோதுமை வரைக்கும் வரிசையாக நின்றன. அதற்குப் பிறகான நிறங்களெல்லாம் அட்டைப்பெட்டியோடு டிராயரில் கிடந்தன. "இதெல்லாம் அவ்வளவா மூவ் ஆகாது. அதான் வெளிய வைக்கறதில்ல." டெஸ்டர் இல்லை. புதுப் பெட்டியைப் பிரிக்க மேனேஜரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவர் தூரத்திலிருந்தே என் செருப்பைப் பார்த்தார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

நான்காவது கோடு போட்டாள். நான் கண்ணாடியில் தேடினேன்.

"எங்கம்மா போட்ட?"

"போட்டேன்க்கா. இதோ, மூணுக்கும் பக்கத்துல."

மேம், அக்கா ஆகியிருந்தேன். கோடு தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால் ஈரம் இருந்தது. தோலில் இருந்தது, ஆனால் கண்ணுக்கு அகப்படவில்லை. நாற்பத்தைந்து வருடத்தில் என் முகத்தில் போட்ட எதுவும் இப்படிக் காணாமல் போனதில்லை.

முப்பது மில்லி. விலை நாலாயிரத்துக்குச் சற்றே குறைவு. எங்கள் வீட்டில் மாதச் சமையல் எண்ணெய்க்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு கார்டை நீட்டினேன்.

மேக்கப்புக்கு எதிராக வகுப்பில் பேசியவள் நான். முகத்தை மறைக்கச் சொல்கிற சந்தையைப் பற்றி, நம்முடைய வெறுப்பை நமக்கே விற்கிற தந்திரத்தைப் பற்றி, கரும்பலகை முன் நின்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சில் இப்போதும் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. ஆனால் நாற்பத்து மூன்றாவது வயதில் இரண்டு கன்னங்களிலும் மங்கு வந்தது. மூக்கின் பாலத்தைத் தாண்டி, ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்த மாதிரி. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. எதிரில் வருகிறவர்கள்தான் தொல்லை. "என்னாச்சு முகத்துல?" "உடம்பு கிடம்பு சரியில்லையா?" "ஜாதிக்காயை இழைச்சுப் போட்டுப் பாருங்களேன்." லிஃப்டில், ரேஷன் கடையில், துக்க வீட்டில்கூடக் கேட்டார்கள். துக்க வீட்டில் கேட்டவரிடம் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன்.

தோல் டாக்டர், ஒரு பெண், பொறுமையாகச் சொன்னார். வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டும் மங்கைக் கூட்டுவதில்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் கூட்டும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து, தோலின் நிறத்தில் இருப்பதுதான் தடுக்கும். சன்ஸ்கிரீனுக்கு மேலே உங்கள் நிறத்துக்கு ஒத்த ஃபவுண்டேஷன் ஒன்றைப் போட்டுக்கொண்டாலும் உதவும் என்றார். "க்ரீம் வேணுமா?" என்றும் கேட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். ஏன் என்பதை அக்காவைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

இரும்பு ஆக்சைடு என்றால் துரு. ஃபவுண்டேஷன் பாட்டிலில் இருக்கிற நிறமெல்லாம் பெரும்பாலும் நான்கு பொடிகளின் கணக்கு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று இரும்பு ஆக்சைடுகள், அதோடு வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட்டிலும் இருப்பது அதுதான். வெளுத்த நிறங்களில் வெள்ளைப் பொடி அதிகம். கறுத்த நிறம் செய்ய வேண்டுமென்றால் அதைக் குறைத்துவிட்டு மூன்று துருவையும் அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும். அந்த அளவைப் பார்க்கப் பொறுமையில்லாமல், வெள்ளை அடியின் மேல் கறுப்பைக் கொட்டிக் கலக்கினால் வருவது சாம்பல் நிறம். என் கல்யாண ஆல்பம் முழுக்க இருப்பது அந்தச் சாம்பல்தான்.

2003-ல் திருநெல்வேலியில் கல்யாணம். முகூர்த்தம் ஆறரைக்கு. நாலு மணிக்கே பார்லர் அம்மா வந்து என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பூசினார். "கொஞ்சம் தூக்கிக் குடுக்கேன்" என்றார். நிறத்தைத் தூக்கிக் கொடுப்பது. ஏதோ பள்ளத்தில் கிடந்ததை எடுத்து மேலே வைப்பது போல. ஆல்பத்தில் என் முகம் அடுப்பில் நீறு பூத்த கரி. ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் இன்னும் வெளுத்திருக்கிறது. தாலி கட்டுகிற படத்தில், குனிந்த என் கழுத்தின் பின்பக்கம் என் நிறத்தில் இருக்கிறது. மருதாணி போட்ட கைகள் என் நிறத்தில் இருக்கின்றன. முகம் மட்டும் யாருடையதோ. என் மகள் ஆறு வயதில் அந்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா இருக்காரு, நீ எங்க?" என்று கேட்டாள். அம்மாவோ அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினாள். "எவ்வளவு எடுப்பா இருக்கா பாரு."

பார்லர் அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது அந்த ஒரு டப்பாதான். முகப்பூச்சு நம் ஊருக்கு வந்ததே சினிமா வழியாக. மாக்ஸ் ஃபாக்டர் 1930-களில் ஹாலிவுட்டின் கலர்ப் படங்களுக்காகச் செய்த பான்கேக், மதராஸ் ஸ்டூடியோக்களின் மேக்கப் அறைகளுக்கு வந்து சேர்ந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் அந்த அறையையும் பான்கேக்கையும் பற்றி நல்ல கிண்டலோடு எழுதியிருக்கிறார். தென்னாட்டு முகங்களின் மேல் வேறு தேசத்து முகங்களுக்கென்று செய்த களிம்பை அப்பி, மேலே விளக்கைக் கொட்டினார்கள். திரையில் பார்த்த அந்த முகம்தான் கல்யாண முகம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. இப்போது சினிமா இன்னொரு வேடிக்கையும் செய்கிறது. கதாநாயகி கூலி வேலை செய்கிறவள் என்றால் வெளுத்த நடிகையைக் கூட்டிவந்து அவளுக்குக் கறுப்புப் பூசுகிறார்கள். கீழ் டிராயர் நிறங்கள் அங்கே நன்றாக மூவ் ஆகும்போல.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வார்த்தை உறுத்துகிறது. "பொண்ணு நல்ல நிறம்." "அவ கலரா இருப்பா." "நிறமான பிள்ளை." இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். நிறம் என்றாலே வெள்ளை. கலர் என்றாலும் வெள்ளை. அப்படியானால் நமக்கு இருப்பது என்ன? கறுப்பு என்று நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்று மாநிறம், புதுநிறம் என்று சுற்றிவளைத்தார்கள். அதுவும் முடியாத இடத்தில் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த 'இருந்தாலும்' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து ஒரு புத்தகம் எழுதலாம். பாட்டிலைத் தேடிப் போன அன்று, "உங்க நிறம் என்ன" என்ற கேள்வியை முதன்முறையாக ஒரு தகவலாக, ஒரு அளவாகக் கேட்டார்கள். செருப்புக் கடையில் கால் அளவு கேட்கிற மாதிரி. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவும் அவர்கள் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் யூனிஸ் ஜான்சன் நடத்திய ஃபேஷன் நிகழ்ச்சிகளில் கறுப்பின மாடல்கள் தங்களுக்கு ஒத்த நிறம் கடையில் கிடைக்காமல் தாங்களே இரண்டு மூன்றைக் கலந்து போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் அவரும் கணவரும் 1973-ல் 'ஃபேஷன் ஃபேர்' என்று கறுப்பினப் பெண்களுக்கான ஒப்பனைப் பொருட்களைத் தொடங்கினார்கள். பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017-ல் ஒரே நேரத்தில் 40 நிறங்களோடு வந்தபோதுதான் மற்ற பெரிய கம்பெனிகளும் அவசரமாகத் தங்கள் அடுக்கை நீட்டின. நம் ஊரிலோ 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் பெயரில் இருந்த 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்டது. சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பினர் 2009-லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று இயக்கம் நடத்தினார்கள். பெயர் மாற அதற்குப் பிறகும் பதினோரு வருடம்.

நிறங்களுக்கு வைத்திருக்கிற பெயர்களைப் பாருங்கள். வெளுத்தவற்றுக்குத் தந்தம், பீங்கான். நமக்கு வந்ததும் தின்பண்டம் ஆகிவிடும்: கேரமல், மோக்கா, சாக்லேட், தேன், பாதாம். ஒருவர் அலமாரியில் வைக்கிற பொருள், மற்றவர் வாயில் போடுகிற பொருள். என்னைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பேன். தேரி மண். புளியம்பழ ஓடு. நவ்வாப்பழத்தின் உள்தோல். என் பாட்டிலில் பெயர் இல்லை, ஒரு எண்தான். நல்லதாகப் போயிற்று.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவும் நானும் ஒரே நிறம். அவளுக்குப் பேசி முடித்தபோது கடைசி நேரத்தில் ஐந்து பவுன் கூடியது. யாரும் காரணம் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா மட்டும் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "பொண்ணு புதுநிறந்தான், என்ன" என்றாள். எங்கள் பக்கம் நிறம் என்பது நிறத்தோடு நிற்காது. வெயிலில் வேலை செய்கிற உடம்பா, அப்படியானால் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று அந்தக் கணக்கு ஓடும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த ஐந்து பவுன். அப்பா கடன் வாங்கினார்.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு அவளுக்கு மங்கு வந்தது. 2010-ல், பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லி, மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கினாள். சீட்டு எதுவும் கேட்கவில்லை. நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாய்ன், அதோடு ஒரு ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த களிம்பு. மூன்றே வாரத்தில் மங்கு போயிற்று. அதோடு நிற்காமல் முகமே வெளுத்தது. "அக்கா, நிறமாயிட்டீயளே" என்று தெருவே சொன்னது. மாமியார் சொன்னாள். அத்தானும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. டாக்டர் பார்வையில் சில வாரங்கள் போட வேண்டிய மருந்தை அவள் எட்டு வருடம் போட்டாள். நிறுத்த முடியாததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. ஒரு நாள் விட்டாலும் முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரியும். போட்டால் அடங்கும்.

இந்த மூன்று மருந்துச் சேர்க்கையின் மூலம், தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் 1975-ல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்ட சூத்திரம். ஃபேர் அண்ட் லவ்லி வந்த அதே வருடம். அதே க்ளிக்மன்தான் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் வருடக்கணக்கில் கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இதை நான் படித்தது வெகு பின்னால். அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் அக்காவிடம் என்ன சொல்லியிருப்பேன்? 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. அக்காவின் கன்னத்தோல் அதற்குள் வெங்காயச் சருகாகிவிட்டது. உள்ளே ஓடும் சிவப்பு நரம்புகள் தெரியும். தாடையில் முடி. வெயிலில் இறங்கினால் எரிச்சல். கோயில் கொடைக்கு வருவதைக்கூட நிறுத்தினாள். க்ரீம் என்றதும் நான் எழுந்தது அதனால்தான்.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். நல்ல சரக்கா என்று கேட்டால், நல்ல சரக்குதான். ஈரப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் படிகிறது. ஒரு முழு அழுத்து தேவையில்லை, அரை அழுத்து போதும். போட்ட ஒரு மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் இருளும், அதையும் கணக்கில் வைத்து வாங்க வேண்டும். சென்னை வேர்வையில் மத்தியானம் வரைக்கும் அசையவில்லை. நாலு மணிக்கு மூக்கோரம் பிளந்தது. வெள்ளை துப்பட்டாவின் ஓரம் போனது போனதுதான். மங்கு முழுக்க மறையவில்லை, புகைபோல ஓடுகிறது. ஆனால் யாரும் கேட்கவில்லை. கணவருக்குத் தெரியவில்லை. கல்லூரியில் ஒருவர், "லீவுல நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

கேட்காமலிருந்தது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு நாலாயிரம் கொடுத்தேனே என்று இருந்தது. கேட்கிறவர்களைத் திருத்த முடியாமல் என் முகத்தைத் திருத்திக்கொண்டேனா? வகுப்பில் நான் பேசியதை நினைத்தால் ஆமாம். கண்ணாடியில் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. ஆல்பத்தில் காணாமல் போனவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

பில் போடும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "நீ ஏம்மா உன் கலர்ல போடல?" அவள் மேனேஜர் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "டிரெயினிங்ல பிரைட்டா இருக்கணும்னு சொல்லுவாங்கக்கா. மேல இருக்கற டெஸ்டர்லதான் நாங்க போட்டுக்கணும். நம்ம கலர்ல டெஸ்டர் கிடையாதே." பிறகு, எனக்காகப் பிரித்த அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே இது டெஸ்டர்தான்" என்றாள். அது கண்ணாடித் தட்டுக்குப் போனதா, மறுபடி கீழ் டிராயருக்குப் போனதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பங்குனியில் அக்கா கண் ஆஸ்பத்திரிக்காகச் சென்னை வந்தாள். அத்தான் ஏதோ வேலையாகத் தாம்பரம் போயிருந்தார். அலமாரியில் பாட்டிலைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி இது, கருப்பட்டிப் பாகு மாதிரி?"

சொன்னேன்.

"எவ்வளவு?"

"ஐநூறு."

"பொய் சொல்லாத."

சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நீட்டினாள். "எனக்கும் போட்டு விடு."

பயமாக இருந்தது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினோம். எரியவில்லை. தாடையில் ஒற்றினேன், பாட்டில் நிறம் அப்படியே தோலில் கரைந்தது. கன்னத்துக்கு வந்ததும் நின்றது. அங்கே அவள் நிறம் அவளிடம் இல்லை. சிவந்த, வெளிறிய தோலின் மேல் அது ஒரு கறை மாதிரி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று தடவை ஒற்றி ஒற்றிச் சேர்த்தேன். நரம்புகள் மறைந்தன.

கண்ணாடியைக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தாள். விரல் வைக்கவில்லை.

"இதாம்ட்டி எங் கலரு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க அத்தான் வாரதுக்குள்ள கழுவிருதேன்" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அத்தான் வந்து, சாப்பிட்டு, டிவி பார்த்துப் படுத்தார்.

மறுநாள் அவர்களை எழும்பூரில் ரயிலேற்றிவிட்டு வந்து, துவைக்கப் போட தலையணை உறைகளை உருவினேன். அக்கா படுத்த உறையில் ஒரு பக்கம் முழுக்க, கருப்பட்டி நிறத்தில் ஒரு கன்னம் பதிந்திருந்தது.